மருந்து வந்து சேரும் வழி

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் நோய் வந்துவிட்டால் என்ன செய்வது? திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் கூறுகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அம்மருந்தைத் தவறாமல் கொடுப்பவர். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் நோய் தீராது. இதை என் பாட்டி அனுபவத்தில் கண்டவர்.

சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் தாத்தாவுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். படுக்கக் கட்டிலும் இருந்தது. மருந்துதான் இல்லை. "வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் மாத்திரைக்குப் பாட்டியின் கையில் பணம் இல்லை. நான்கு நாளுக்கு மட்டும் வாங்கினார். ஒரு வாரத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது. இம்முறை பாட்டியின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. தாத்தா பிழைத்தார், தோடு திரும்பவில்லை.

மருந்து ஏன் இல்லாமல் போயிற்று? பணப் பற்றாக்குறை மட்டுமே காரணமன்று. வாங்கும் முறையிலும் குறை இருந்தது. மருந்துகளைப் பலர் பல இடங்களில் தனித்தனியே வாங்கினால் விலை கூடும். ஓரிடத்தில் தேவைக்கு மேல் குவிந்து காலாவதியாகும். மற்றோரிடத்தில் அலமாரி காலியாக இருக்கும்.

இக்குறையைப் போக்கவே தமிழக அரசு 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்தது. 1995 ஜனவரி முதல் அது மருந்து வழங்கத் தொடங்கியது. அது செய்த புதுமைகள் எளியவை. ஆனால் பயன் மிக்கவை.

முதலாவது, பட்டியல். கடைகளில் ஒரே மருந்து பல கம்பெனிகளின் பெயரில் பல விலைகளில் கிடைக்கிறது. கழகமோ மிகத் தேவையான சில நூறு மருந்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து, கம்பெனிப் பெயரைப் பாராமல் மருந்தின் மூலப்பெயரைக் கொண்டு டெண்டர் கோரியது. மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக வாங்கியதால் விலை வெகுவாகக் குறைந்தது.

இரண்டாவது, சோதனை. மலிவான மருந்து மட்டமாக இருந்தால் என்ன பயன்? ஆகவே வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். நம் பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயர் தெரியாதவாறு திருத்துவது போலத்தான் இதுவும்! தேறிய மருந்தே நோயாளிக்குப் போகும்.

மூன்றாவது, கிடங்கும் பாஸ்புக்கும். மாவட்டங்களில் மருந்துக் கிடங்குகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் தருவது போன்ற பாஸ்புக் தரப்பட்டது. அதில் அவ்வாண்டுக்குரிய தொகை ரூபாயில் எழுதப்பட்டிருக்கும். அத்தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை மருத்துவமனையே கேட்டுப் பெறலாம். வயல் சூழ்ந்த ஊருக்குப் பாம்புக்கடி மருந்து மிகுதியாக வேண்டும். நகரத்துக்குச் சர்க்கரை நோய் மாத்திரை மிகுதியாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கிட்டால் இரண்டு ஊரிலும் குறைதான் மிஞ்சும். பாஸ்புக் அக்குறையை நீக்கியது.

நான்காவது, கணினி. எந்தக் கிடங்கில் எவ்வளவு இருப்பு என்பதைச் சென்னையிலிருந்தே பார்க்கலாம். இருப்பு குறைந்தால் உடனே வரவழைக்கலாம். மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அனுப்பலாம்.

இம்முறையைப் பின்பற்றிக் கேரளம் 2007-இலும் ராஜஸ்தான் 2011-இலும் இத்தகைய கழகங்களை அமைத்தன.

புதுமை என்றால் புதிய எந்திரம் என்றே நான் எண்ணியிருந்தேன். ஒரு பட்டியலும் பாஸ்புக்கும் கூடப் புதுமையே என்று இப்போது அறிகிறேன். ஆயினும் முறை மட்டும் போதாது. இருப்பைச் சரியாக எழுதாவிட்டாலும், உரிய காலத்தில் கேட்காவிட்டாலும் அலமாரி மீண்டும் காலியாகும். எழுதுபவரின் கடமையுணர்வே இம்முறைக்கு உயிர்.

சென்ற விடுமுறையில் பாட்டியை இரத்த அழுத்த மாத்திரைக்காக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். வரிசை நீளமாகத்தான் இருந்தது. ஆனால் மாத்திரை கிடைத்தது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாட்டி கேட்டார். "தமிழ்நாடு அரசு வழங்குவது, விற்பதற்கு அல்ல என்று போட்டிருக்கிறது பாட்டி" என்றேன். அவர் அதைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அன்றைக்கு இது இருந்திருந்தால் என் தோடு உனக்கு வந்திருக்கும் கண்ணு" என்றார்.

தோழியரே, நம்மில் சிலர் நாளை டாக்டராகலாம், நர்ஸாகலாம். சிலர் கிடங்கில் கணக்கு எழுதலாம். அந்தக் கணக்கும் ஓர் உயிரைக் காக்கும் என்பதை மறவாதிருப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு