மட்டாஞ்சேரியின் நீலமும் வீட்டு மேஜையின் மெல்லிய தாளும்

மண்ணும் நெருப்பும் – 9

மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்துக்குள் செருப்போடு போக முடியாது. வாசலில் கழற்றிவிட்டு நுழைந்தால் முதல் அடியிலேயே உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறும். கேரளத்துக்கு வெளியே யூதர்களின் ஜெப ஆலயங்களில் இந்த வழக்கம் அநேகமாகக் கிடையாது. பக்கத்துக் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் பார்த்துப் பழகியது என்பார் சிலர், தரையைக் காப்பாற்றத்தான் என்பார் சிலர். காரணம் எதுவானாலும் எனக்கு அதில் மகிழ்ச்சி. கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் போகிற தரை அல்ல அது.

ஆலயம் கட்டப்பட்டது 1568-ல். தரை அதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் பிந்தியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொச்சியில் தலைமை வணிக முகவராக இருந்தவர் எசக்கியேல் ரஹபி. வாசலில் நிற்கும் மணிக்கூண்டை எழுப்பியதும் அவர்தான். சீனாவின் கான்டன் துறைமுகத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான் டைல்ஸை வரவழைத்து 1762-ல் இந்தத் தரையில் பதிக்கச் செய்தார். ஐரோப்பியக் கப்பல்கள் கான்டனில் மட்டுமே வியாபாரம் செய்யலாம் என்று சீன அரசு 1757-ல் கட்டுப்பாடு போட்டிருந்த காலம் அது. கொச்சி ராஜா தன் அரண்மனைக்கென்று வரவழைத்தவைதான் இவை, மாட்டு ரத்தம் கலந்து செய்தது என்று யாரோ காதில் போட்டதால் யூதர்களிடம் கொடுத்துவிட்டார் என்று ஒரு கதையும் ஊரில் உலவுகிறது. சல்மான் ருஷ்டி 1995-ல் எழுதிய ‘தி மூர்ஸ் லாஸ்ட் சை’ நாவலிலும் இந்த டைல்ஸ் வருகிறது.

எந்த இரண்டு டைலும் ஒன்றுபோல் இருக்காது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வடிவங்கள் திரும்ப வரத்தான் செய்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தூரிகை பிடித்து வரைந்தது. ஒரு டைலில் தடித்து ஓடும் கிளை அடுத்ததில் மெலிந்திருக்கும். ஓர் இடத்தில் நீலம் திட்டாகத் தேங்கி நிற்கும், இன்னொன்றில் நீர்த்துப்போய்ச் சாம்பலாகத் தெரியும். சுடாத பீங்கான் உடல் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஒரு கோடு விழுந்தால் விழுந்ததுதான், அழித்து எழுத முடியாது. அதுவும் வரையும்போது கோபால்ட் நீலமாகவே இருக்காது, மங்கிய கருப்பாக இருக்கும். மேலே கண்ணாடிப் பூச்சு ஏறி, ஏறக்குறைய 1,300 டிகிரிச் சூட்டில் வெந்த பிறகுதான் நீலம் வெளிவரும். வரைந்தவர் தன் படத்தின் நிறத்தைப் பார்க்காமலே வரைந்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தரையில் வெள்ளையை யாரும் தீட்டவில்லை. அது பீங்கானின் சொந்த வெள்ளை. இன்றைய விஷயத்துக்குச் சாவியே அந்த வெள்ளைதான்.

சென்ற வாரம் ஆத்தங்குடிக் கற்களைப் பார்த்தோம். கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும், நெருப்பே படாத கல். இந்த வாரம் அதைவிட எளிய வேலை: வீட்டு மேஜையில் ஒரு வெள்ளை டைல், ஒரு மெல்லிய டிஷ்யூ தாள், கொஞ்சம் பசை, குடும்பத்துப் புகைப்படம் ஒன்று. பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டாம். அச்சடித்த மெல்லிய தாளால் டைலுக்குப் படம் ஏற்றும் வேலைக்கு நல்ல பூர்விகம் உண்டு.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜான் சாட்லர் என்ற அச்சுக்காரர் இருந்தார். வீணாய்ப்போன அச்சுத் தாள்களைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டு, உடைந்த பாத்திரத் துண்டுகளில் ஒட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 27 ஜூலை 1756 அன்று அவரும் கூட்டாளி கை கிரீனும் ஆறு மணி நேரத்துக்குள் 1,200-க்கும் அதிகமான டைல்ஸில் படம் அச்சேற்றிவிட்டு, அதைச் சத்தியப் பத்திரமாகவே எழுதி வைத்தார்கள். நூறு ஓவியர்கள் அந்த நேரத்தில் வரையக்கூடியதைவிட அதிகம் என்று சாட்சிகள் ஒப்பமிட்டார்கள். மட்டாஞ்சேரித் தரை பதிக்கப்பட்டது அதற்கு ஆறு வருடம் கழித்து. கிழக்கே கான்டனில் ஒவ்வொரு கிளையையும் கையால் இழுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மேற்கே அதை ஒரு தாள் செய்யத் தொடங்கிவிட்டது.

ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்துப் பீங்கான் பட்டறைகள் 1780-களில் இதை முழுத் தொழிலாக்கின. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்குவார்கள். சூடேற்றிய தகட்டில் எண்ணெய் கலந்த கோபால்ட் மையைத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். அந்தத் தாளைப் பாத்திரத்தில் கவிழ்த்து ஒட்டி, கெட்டியான பிரஷ்ஷால் பலங்கொண்ட மட்டும் தேய்ப்பார்கள். பிறகு தண்ணீரில் அலசினால் தாள் போய்விடும், மை நின்றுவிடும். சாதாரண அச்சில் தகட்டின் எழுத்து இடவலம் மாறியிருக்க வேண்டும். இங்கே தகட்டிலிருந்து தாளுக்கு, தாளிலிருந்து பாத்திரத்துக்கு என்று படம் இரண்டு தரம் புரள்வதால் செதுக்குபவர் நேராகவே எழுதலாம். எண்ணெய் எரிய ஒரு சூளை, கண்ணாடிப் பூச்சு உருக இன்னொரு சூளை. அப்புறம் அந்த நீலத்தை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது.

அப்படி அதிகமாக அச்சேறிய படம் எது தெரியுமா? நீர்க்கரையில் சாய்ந்த வில்லோ மரம், சிறு பாலம், மண்டபம். 1790 வாக்கில் ஸ்போட் பட்டறை வெளியிட்ட அந்தச் சித்திரம் சீனக் கைவேலையைப் பார்த்துச் செய்தது. கான்டன் தூரிகையின் நீலத்தை ஆங்கிலேயத் தாள் நகலெடுத்து உலகத்துக்கே விற்றது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. வரைந்த கைகளின் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை, பட்டறைகளின் பெயர் மட்டும் தட்டுகளின் முதுகில் அச்சாகி நிற்கிறது. ஆனாலும் சாமானிய வீட்டுக்குப் படம் போட்ட தட்டு வந்து சேர்ந்தது அந்தத் தாளால்தான்.

நம் வீட்டு வேலையில் செம்பும் சூளையும் கிடையாது. தாளும் போகாது, டைலிலேயே இருக்கும், கண்ணுக்கு மட்டும் மறைந்துவிடும். காகிதம் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அதன் இழைகளுக்கு இடையே இருக்கும் காற்று. ஒளி அங்கே பட்டுச் சிதறுகிறது. காற்று இருந்த இடத்தைப் பசை நிரப்பிவிட்டால் சிதறல் குறைந்து தாள் கண்ணாடிபோல ஆகிவிடும். வடை மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து மறுபக்கம் தெரிகிறதே, அதே விஷயம். மெல்லிய தாளாக இருந்தால் முழுதும் மறையும், மை மட்டும் நிற்கும். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மையே கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் அச்சில் வெறும் தாள்தான். ஆகவே முகத்தின் வெளிச்சமும் வேட்டியின் வெள்ளையும் டைலிலிருந்து வர வேண்டும். மஞ்சள் கலந்த கிரீம் டைலில் ஒட்டினால் எல்லோருக்கும் காமாலை வந்ததுபோல் இருக்கும். பழைய மண் ஓட்டில் ஒட்ட ஆசைப்பட்டால் முதலில் அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்தே ஆக வேண்டும்.

மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில், வேலி என்ற பகுதியில் வண்ணார்கள் நடத்தும் சலவைத்துறை இருக்கிறது. ஐரோப்பியர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அங்கே இஸ்திரி போடும் அக்கா ஒருவருக்காகத்தான் நான் கடைசியாக ஒரு டைல் செய்தேன். துவைத்த வேட்டிகள் காயும் கயிறுகளுக்கு முன்னால் அவருடைய அப்பா நிற்கும் படம். உள்ளங்கை அளவு, கருப்பு வெள்ளை, ஒரு மூலை மடிந்து உடைந்திருந்தது.

டிஷ்யூ தாள் என்றதும் கை துடைக்கும் காகிதத்தை நினைத்துவிடக் கூடாது. புதுச் சேலைப் பெட்டிக்குள்ளும் ஷூ பெட்டிக்குள்ளும் சலசலவென்று வருமே, அந்த வெள்ளைத் தாள். மடிப்பு இருந்தால் பிரிண்டர் அதைக் கிழித்துவிடும். நான் கொண்டுபோன தாளைப் பார்த்ததும் அக்கா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“கருகிடாதாக்கா?” என்றேன்.

“நேரா வச்சாத்தான் கருகும் தம்பி. மேல ஒரு துணியப் போட்டு ஒரே இழுப்பு. நிறுத்தக் கூடாது.”

பழைய மல் துணியைத் தாள்மேல் விரித்து, இஸ்திரிப்பெட்டியை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் கனம் கொடுக்காமல் கொண்டுபோனார். துணியை எடுத்தபோது மடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. அதற்குப் பிறகு எல்லாத் தாளையும் அப்படித்தான் தேய்க்கிறேன்.

தேய்த்த தாளைச் சாதாரண ஏ4 தாள்மேல் ஒட்ட வேண்டும். பிரிண்டருக்குள் முதலில் நுழையும் விளிம்பு முழுதும் டேப், மற்ற மூன்று பக்கமும் லேசாகப் பசை. ஓரத்தில் இடைவெளி விட்டால் உருளை அங்கேதான் பிடித்து இழுக்கும். வழுவழுப்பான பக்கம் மேலே இருக்கட்டும். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் பெரும்பாலும் இந்தத் தாளை இயந்திரத்துக்குள் விட மாட்டார்கள், அவர்கள் பயம் நியாயமானது. சொந்த பிரிண்டரோ, தெரிந்தவர் வீட்டு பிரிண்டரோதான் சரி. படத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக வைத்து அச்செடுங்கள், ஒட்டிய பிறகு கருப்பு ஒரு படி வெளுக்கும். இடவலம் மாற்ற வேண்டியதில்லை, அச்சான முகம் மேலே பார்த்தபடியே ஒட்டப்போகிறோம். கணினியில் படத்தை நீல வெள்ளையாக மாற்றிவிட்டால் மட்டாஞ்சேரியின் சாயல் தானே வரும். அக்காவின் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தேன். பின்னால் தொங்கிய வேட்டிகளுக்கு அந்த நீலம் பொருந்திப்போயிற்று.

எந்த மை என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். லேசர் பிரிண்டரின் டோனர் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் தூள், பசையின் ஈரத்துக்கு அசையாது. இங்க்ஜெட்டில் இரண்டு வகை. நிறமி மை நிற்கும், சாய மை பசை பட்டதும் ஊதாவாகவும் சிவப்பாகவும் கசிந்து முகத்தைக் கெடுத்துவிடும். சாய மையானால் அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்பிரே வார்னிஷை மெல்லிசாக இரண்டு மூன்று முறை அடித்து, ஒவ்வொன்றையும் காயவிட்டு, அப்புறம் ஒட்டுங்கள்.

டைலை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு, ஃபெவிக்கால் மாதிரி வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒரே சீராகத் தடவுங்கள். தாளை ஓர் ஓரத்தில் தொட்டு, மெல்ல இறக்கிக்கொண்டே போக வேண்டும். ஈரத் தாளை விரலால் இழுத்தால் கிழியும். மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளியே ஒற்றி ஒற்றிக் காற்றை விரட்டுங்கள். அப்போது பார்க்க வேண்டும்: தாளின் வெள்ளை மங்கி, மறைந்து, முகம் டைலுக்குள்ளிருந்து மேலே வருவதுபோல் தெரியும். ஒன்றிரண்டு சுருக்கம் நின்றால் நிற்கட்டும், விடாமல் நோண்டினால் படமே போகும். காய்ந்த பிறகு விளிம்பில் நீட்டியிருக்கும் தாளை உப்புத்தாளால் மேலிருந்து கீழாக மட்டும் உரசினால் நேர்கோட்டில் உதிரும். இருபுறமும் உரசினால் பிசிறும்.

வெள்ளைப் பசை காய்ந்தால் தெளியும், மறுபடி ஈரம் பட்டால் பால்போல் வெளுக்கும். அதனால் மேலே வார்னிஷ் கட்டாயம், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று. கொச்சியில் இடவப்பாதி மழைக்காலத்தில் இதைச் செய்யவே வேண்டாம் என்பேன். ஒவ்வொரு பூச்சும் பிசுபிசுவென்றே நிற்கும், தொட்டால் கைரேகை பதியும். மழை விட்ட பிறகு நிதானமாகச் செய்யலாம்.

நெருப்பு காணாத வேலைக்கு எல்லை உண்டு. மட்டாஞ்சேரித் தரை 260 வருடமாகக் கால்களைத் தாங்குகிறது, நம் டைல் தரைக்கும் குளியலறைக்கும் ஆகாது. சூடான டீ டம்ளரை மேலே வைத்தால் பசை இளகி வட்டம் விழும். வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம், சாய மை வெளுத்துவிடும். நிலைத்து நிற்க வேண்டுமென்றால் பீங்கான் நிறத்தில் அச்சடித்துச் சூளையில் சுடும் முறை இருக்கிறது. பிரான்சில் 1854-லேயே புகைப்படத்தைப் பீங்கானில் சுடும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சிலுவைக்குக் கீழே மழையிலும் மங்காமல் பார்க்கும் முட்டை வடிவப் படங்கள் அந்த வழியில் வந்தவை.

யாருடைய படத்தை ஒட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முருகனுக்கும் மாதாவுக்கும் கஅபாவுக்கும் கடையில் டைல்ஸ் நிறையவே கிடைக்கிறது. மதில்சுவரை யாரும் அசிங்கப்படுத்தாமலிருக்க மூன்றையும் வரிசையாகப் பதித்த வீடுகளும் உண்டு. நடிகர்களுக்கும் குறைவில்லை. வீட்டில் ஒரே ஒரு படம் மட்டும் மிஞ்சியிருக்கும் தாத்தா, அத்தை, வேலைக்குப் போன இடத்தில் யாரோ எடுத்துக் கொடுத்த அப்பா, இவர்களுக்குத்தான் யாரும் செய்வதில்லை. மட்டாஞ்சேரி ஆலயம் இருக்கும் ஜூ டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேல் உருவான பிறகு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப்போய், வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்கள்கூட உள்ளூரில் இல்லாமல் போன தெரு அது. அந்தத் தரையைத் தினம் மிதித்தவர்களில் பலருடைய முகம் சொந்தக்காரர்களின் ஆல்பத்தில் மட்டும் இருக்கும், சிலருடையது அங்கும் இராது. கட்டடத்தைக் காப்பதற்கு அரசும் அறக்கட்டளைகளும் வருகின்றன. முகங்களைக் காப்பது வீட்டுக்காரர்கள் வேலை, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒட்டும் முன் மூலப் படத்தை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துங்கள். மூலத்தை ஒருபோதும் ஒட்டாதீர்கள், ஒட்டுவது அச்செடுத்த தாள் மட்டும். டைலின் முதுகில் கார்க் ஒட்டுவதானால் அதற்கு முன் அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள்: பெயர், ஊர், என்ன வேலை பார்த்தார், படம் எடுத்த வருடம், எடுத்தவர் தெரிந்தால் அவர் பெயரும். வருடம் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். இஸ்திரி அக்காவுக்கு வருடம் நினைவில்லை. எந்த மகள் பிறப்பதற்கு முன் எடுத்தது என்று மட்டும் தெரிந்தது, அதையே எழுதினோம்.

அடுத்த வாரம் தரையிலிருந்து கூரைக்கு ஏறுவோம்: 1865-ல் மங்களூரில் பேசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழில் கேரளத்துக் கூரைகளை மாற்றிய கதை.