கரை சேர எந்த ஊர்?

கடல் கடந்தேனும் பொருள் ஈட்டுமாறு ஔவை மூதாட்டி நமக்குச் சொல்லிப் போனார். ஈட்டிய பொருளோடு திரும்பி வருகிறவன் எந்த ஊரில் போய்க் குடியிருக்கவேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை, கடலே கண்ணுக்குத் தெரியாத ஹட்டன் நகரில் அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நாம் உணர நேர்ந்தது.

நண்பர் ஒருவருடைய இல்லத்துக்குப் போயிருந்தோம். அவர் பாடசாலை ஆசிரியர். வெளியே தூறல், கூடத்தில் சுடச்சுடத் தேநீர். அங்கே அவருடைய தாய்மாமன் வந்திருந்தார். பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். இளம் வயதில் கொழும்புத் துறைமுகத்தில் கூலிவேலைக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, இயந்திர அறையில் 31 ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்திருக்கிறார். காணாத துறைமுகம் இல்லை. ஆனால் இனி எங்கே வாழ்வது என்ற கேள்விக்கு விடை காணாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

“கடலிலே புயல் வந்தால் எந்தத் துறையில் ஒதுங்கவேண்டும் என்று கப்டன் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார் தம்பி. கரையிலே எனக்கு அப்படி ஒரு வரைபடம் கிடைக்கவில்லை” என்றார்.

கடலோரத்தில் ஒரு சிறு வீடு வாங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. நண்பரின் மகள் தன் பள்ளிக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ஊர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நன்மை, தீமை என்று இரண்டு கோடுகள் போட்டுவிட்டாள். அன்று பிற்பகல் முழுவதும் அந்தத் தாளைச் சுற்றியே எம் பேச்சு நடந்தது. வாசகர்களுக்கும் அது பயன்படும் என்று எண்ணியே இங்கு எழுதுகிறோம்.

கப்பல் அறையும் லயத்துக் காம்பராவும்

பேச்சின் தொடக்கத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தை எம்மைச் சிந்திக்க வைத்தது. “நான் பிறந்த காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம்; படுத்த கட்டிலும் கப்பலுக்குச் சொந்தம். வேலை நின்றால் இரண்டுமே நம்முடையது இல்லை” என்றார்.

உண்மைதானே! வெள்ளையர் காலத்து லயங்களில் ஒரு காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தாலும், உறுதிப்பத்திரம் தோட்டத்தின் பெயரில்தான் இருந்தது. மாலுமியின் நிலையும் அதுவே. பயணத்துக்குப் பயணம் ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியோடு இறங்கவேண்டும்.

ஒரு வகையில் தோட்டத் தொழிலாளியின் நிலை மேலானது என்றும் சொல்லலாம். அவருக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனைப் பெறலாம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் கணக்கிடப்படுகிறது. அந்நியக் கொடிக் கப்பல்களில் வேலை பார்த்த நம் மாமாவுக்கு அவையும் இல்லை. மாதாமாதம் அத்தைக்கு அனுப்பிய பணத்தில் அத்தை மிச்சம் பிடித்ததுதான் முதல். ஆகவே ஊரைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் இன்னொரு முறை தேர்ந்தெடுக்கக் கையில் காசு இராது.

தாமே தேர்ந்தெடுக்காத ஊர்

மலைநாட்டாருக்குக் கடல் புதிதன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களுக்காக நம் முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தனர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் ரயிலும் கப்பலும் இணைந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரும் பாதை எளிதாயிற்று.

போன பாதையே திரும்பும் பாதையாகவும் ஆயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல்தான் முடிவாயிற்று. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன்பே டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் தலைமன்னாரில் கப்பலேறியோர் இராமேஸ்வரத்தில் இறங்கினர். பலர் மண்டபம் முகாமில் தங்கி, எந்த ஊருக்கு அனுப்பப்படுவோம் என்று காத்திருந்தனர்.

வியாபாரக் கடன் பெற்றுச் சமவெளியில் குடியேறியவர்களில் பலர், பழக்கமில்லாத தொழிலில் முதலை இழந்தனர். தேயிலை தெரிந்த கைகள் மீண்டும் தேயிலையைத் தேடி நீலகிரிக்கே சென்றன. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இன்றும் அவர்களுடைய சந்ததியினர் வாழ்கின்றனர். தெரிந்த தொழிலும் தெரிந்த மனிதரும் இல்லாத ஊரில் குடியேறுவது எத்துணைக் கடினம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. நம் மாமாவுக்கு ஊரைத் தாமே தேர்ந்தெடுக்கும் பாக்கியம் கிடைத்திருக்கிறது. அதை ஆற அமர யோசித்துச் செய்யவேண்டும் என்று நண்பர் சொன்னது இதனால்தான்.

தாளில் எழுதிய ஊர்கள்

முதலாவது பெயர் வல்வெட்டித்துறை. மாலுமிகளின் ஊர் என்றால் இதுவன்றோ ஊர்! அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கிச் செல்ல, வல்வை மாலுமிகளே அதனைச் செலுத்தி 1938இல் மாசச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். கடற்கதை பேச அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் நீர் உவர்ப்பாகும். நிலமும் பெரும்பாலும் குடும்பங்களுக்குள் பங்கிடப்பட்டு வருவது. தேசவழமைப்படி கூட்டு உரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டாதலால், சட்டத்தரணியைக் கலக்காமல் முற்பணம் கொடுப்பது ஆபத்து.

இரண்டாவது திருகோணமலை. ஆழமான இயற்கைத் துறைமுகம், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கொழும்பிலிருந்து நேரே ரயில். தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் மூவரும் வாழும் நகரம். 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. மாமாவின் மனம் அங்கேதான் இருந்தது. ஆனால் வெயில் கடுமை; மலைக்குளிரில் வளர்ந்த உடம்புக்கு மெல்ல மெல்லத்தான் பழகும்.

மூன்றாவது நீர்கொழும்பு. விமான நிலையமும் கொழும்பின் பெரிய வைத்தியசாலைகளும் அருகிலே. நிலத்தின் விலையோ எட்டாக்கனி.

நான்காவதாகத் தூத்துக்குடியை எழுதிய சிறுமி அதனைத் தானே அடித்துவிட்டாள். இலங்கைப் பிரஜை ஒருவர் இந்தியாவில் நிலம் வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே எடுக்கலாம் என்பதை அவளுடைய தந்தை எடுத்துச் சொன்னார்.

“நம்ம ஊரிலேயே இருந்துவிட்டால் என்ன தாத்தா?” என்று அவள் கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான். ஹட்டன் 4,000 அடிக்கும், நுவரெலியா 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரம். வயதான மூட்டுகளுக்கு அந்தக் குளிர் பகை. அன்றியும், மலை என்றால் பத்திரம் என்று எண்ணிவிடவும் முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொட்டிய மழையில் மலையகத்தில் ஏற்பட்ட மண்சரிவுகள் எத்தனை குடும்பங்களை விழுங்கின! மலைச்சரிவில் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுவது இன்றியமையாதது.

கடலோரத்தில் வீடு என்றால்

கடலைக் கப்பலிலிருந்து பார்ப்பது வேறு. வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பது வேறு. உப்புக்காற்று ஆணியைத் தின்னும், தகரத்தைத் தின்னும், கம்பியையும் தின்னும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும். அப்போது கிழக்கு அமைதியாக இருக்கும். மார்கழி வாடையில் இது தலைகீழ். ஒரு பருவத்தில் போய்ப் பார்த்து மயங்கி வாங்கியவர், மறு பருவத்தில் வருந்த நேரும்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையையும் மறக்கலாகாது. அலை வந்த ஊர்களில் உயரமான மேட்டில் இருந்த வீடுகள் தப்பின. சட்டமும் இதனைக் கருதுகிறது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அதனுள் வீடு கட்ட உத்தரவுச் சீட்டு வேண்டும். ஆதலால் அலைக்கு அருகே மலிவாகக் கிடைக்கும் காணியை விட, சற்று உள்ளே மேட்டில் உள்ள காணியே மேல். கடலைப் பார்க்கக் காலையில் பத்து நிமிடம் நடந்தால் போகிறது. நடை உடம்புக்கும் நல்லது.

அத்தையின் வாக்கு

இத்தனை பேச்சுக்கும் நடுவே அத்தை வாய் திறக்கவேயில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்தவரிடம், “நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அத்தை?” என்று நண்பர் கேட்டார்.

“நான் என்னத்தைச் சொல்ல? மாமா கடலில் இருந்த காலமெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். இனிப் போகிற ஊரிலும் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். அது இருந்தால் எந்த ஊராக இருந்தாலும் சரி” என்றார்.

கூடத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. தாளிலே துறைமுகம் இருந்தது, கோயில் இருந்தது, காற்றும் மழையும் இருந்தன. அக்கம்பக்கம் என்ற ஒன்று இல்லை. கடலுக்குப் போனவர் ஒருவர். ஆனால் அந்தக் கப்பற் சம்பளத்துக்கு விலை கொடுத்தவர்கள் இருவர். ஓய்வுக்கான ஊரை இருவரும் சேர்ந்தல்லவா தேர்ந்தெடுக்கவேண்டும்?

சிறுமி பென்சிலை எடுத்து, மூன்றாவதாக ஒரு கோடு போட்டாள். ‘தெரிந்தவர்கள்’ என்று தலைப்பும் எழுதினாள். திருகோணமலைக்கு எதிரே ஒரு பெயர் வந்தது. 1977 கலவரத்துக்குப்பின் தோட்டத்தை விட்டு அந்தப் பக்கம் குடிபெயர்ந்த அத்தையின் தமக்கை குடும்பம் அங்கே இருக்கிறது. மற்ற ஊர்களுக்கு எதிரே ஒன்றும் எழுத முடியவில்லை.

முடிவு இதுதான்: உடனே வாங்குவதில்லை. தமக்கை வீட்டுக்கு அருகில் ஓராண்டு வாடகைக்கு இருப்பது. சோளகம் ஒன்றும் வாடை ஒன்றும் பார்ப்பது. வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் நடந்து பார்ப்பது. கிணற்றுத் தண்ணீரைக் கோடையில் குடித்துப் பார்ப்பது. எல்லாம் ஒத்துவந்தால், அத்தையின் பெயரையும் சேர்த்தே உறுதி எழுதுவது. கடைசிச் செய்தியைச் சொன்னவர் மாமாவே.

வாசகர்களே! இன்று மலையகத்தில் தனிக் காணியில் தனி வீடு பெறும் குடும்பங்கள் சில உண்டு. இன்னும் லயத்திலேயே காத்திருக்கும் குடும்பங்களோ ஏராளம். கொழும்பிலும் வெளிநாட்டிலும் கடலிலும் உழைக்கும் மலையகத்துப் பிள்ளைகள் பலர். எங்கே உழைத்தாலும், கடைசியில் கால் நீட்டிப் படுக்கச் சொந்தமாக ஓர் இடம் வேண்டும். அதற்கான யோசனை ஓய்வு பெறும் நாளில் தொடங்கவேண்டியதன்று. முதற் சம்பளம் வாங்கும் நாளில் தொடங்கவேண்டியது.

நாம் விடைபெற்று எழுந்தபோது தூறல் நின்றிருந்தது. ஹட்டன் ரயில் நிலையம் வரை மாமாவும் கூட நடந்து வந்தார். “வீடு அமைந்ததும் எழுதுகிறேன். குடும்பத்தோடு வாருங்கள், மீன் குழம்பு அத்தை கைப்பாகம்” என்றார். அந்தக் கடிதத்தை நாம் ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.