கணவாய்: கரையிலிருந்து இலை வரை

கடலோர ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு வருவோர் வீடு திரும்பும் நாளில் கேட்கும் வினாக்களுள் ஒன்று, “கணவாய் சாப்பிடலாமா?” என்பது. பெரும்பாலானோர் சாப்பிடலாம். ஆனால் அதைக் கழுவும் கை, வைக்கும் இடம், வேகும் நேரம் ஆகிய மூன்றிலும் கவனம் வேண்டும்.

புதியது வேறு, கிருமியற்றது வேறு

இன்று காலை வலையில் வந்தது என்பதால் அதில் கிருமி இராது என எண்ணுவது தவறு. விப்ரியோ என்னும் பாக்டீரியா வகை கடல்நீரில் இயல்பாகவே வாழ்வது. வெப்பமான சூழலில் விரைந்து பெருகுவது. 1950ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகாவில் சிறுமீன் உண்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் உயிரிழந்தனர். அதற்கான காரணத்தைத் தேடியபோதுதான் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் கண்டறியப்பட்டது.

உடல்நலம் உடையவருக்கு இது பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு அடங்கிவிடும். ஆனால் இதே இனத்தைச் சேர்ந்த விப்ரியோ வல்னிஃபிகஸ், கல்லீரல் சுருக்க நோய் உடையோரின் இரத்தத்தில் பரவி ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடும். கட்டுப்பாடற்ற நீரிழிவு உடையோரும், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்புமாற்றுக்குப் பிந்தைய மருந்துகளிலோ இருப்போரும் மிகுந்த கவனத்துடன் இருத்தல் வேண்டும்.

வாங்குதலும் கழுவுதலும்

நல்ல கணவாயின் தோலில் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். தசை உறுதியாகவும் பளபளப்பாகவும் இருக்கும். கடல் மணம் மட்டுமே வீசும். தோலின் நிறம் கசிந்து தசை இளஞ்சிவப்பாக மாறியிருந்தாலோ, அம்மோனியா நெடி வந்தாலோ வாங்க வேண்டாம்.

தலையை இழுத்தால் குடலும் மைப்பையும் உடன் வந்துவிடும். உள்ளிருக்கும் கண்ணாடி போன்ற தகட்டையும், கால்களின் நடுவிலுள்ள கடினமான அலகையும் நீக்குங்கள். காட்மியம் போன்ற உலோகங்கள் சேர்வது பெரும்பாலும் உள்ளுறுப்புகளில்தான். ஆகவே அவற்றைச் சமைக்க வேண்டாம்.

கையில் வெட்டுக்காயமோ ஆறாத புண்ணோ உள்ளவர் இவ்வேலையைச் செய்யலாகாது. காயத்தின் வழியாகவும் விப்ரியோ உடலுக்குள் நுழையும். கல்லீரல் நோயாளிக்காக வீட்டிலுள்ள வேறொருவர் கழுவித் தருவதே நன்று. கத்தி, பலகை, பாத்திரம் ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே காய்கறி நறுக்க வேண்டும்.

சேமித்தல்

கரையிலிருந்து வீடு வரை பனிக்கட்டியில் கொண்டுவாருங்கள். பனிக்கட்டி உருகிய நீரில் ஊறினால் சுவையும் நிறமும் கெடும். எனவே பையில் இட்டுப் பனிக்கட்டிக்குள் புதையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் வைத்து, ஓரிரு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால், சுத்தம் செய்து, ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்து, காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். உறைந்ததை அடுக்களை மேடையில் விடாமல், முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விடுங்கள். இளகியதை மீண்டும் உறைய வைக்காதீர்கள். உறைதல் கிருமியின் பெருக்கத்தை நிறுத்தும், முற்றிலும் அழித்துவிடாது.

சமைத்தல்

கணவாய்த் தசையில் கொலாஜன் என்னும் இழைப்புரதம் உண்டு. சூடு ஏறியதும் தசையும் இழையும் சுருங்கி இறுகும். நெடுநேரம் வெந்தால் அந்த இழை கரைந்து மீண்டும் மென்மையாகும். ஆகவே கடுந்தீயில் இரண்டு மூன்று நிமிடம், அல்லது மென்தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் என இரண்டே வழிகள். இடையில் நிறுத்தினால் ரப்பர் போலாகும். மேற்கூறிய நோயாளிகளுக்கு இரண்டாம் வழியாகிய குழம்போ தொக்கோதான் ஏற்றது; எல்லாத் துண்டுகளும் உள்ளே வரை வெந்துவிடும் என்னும் உறுதி அதில் உண்டு. புளி, எலுமிச்சை, உப்பு, மிளகாய் ஆகியவற்றில் ஊறவைப்பது வேகவைத்ததற்கு ஈடாகாது.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், கடுங்கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மீண்டும் உண்ணும்போது ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

யார் எவ்வளவு?

100 கிராம் பச்சைக் கணவாயில் ஏறத்தாழ 15 கிராம் புரதம் உள்ளது; கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவு. கொலஸ்ட்ரால் மட்டும் 230 மில்லிகிராம் அளவில் மிகுதி. இதயநோயாளிகள் எண்ணெயில் பொரித்ததைத் தவிர்த்து, எப்போதேனும் சிறிதளவு குழம்பாக உண்ணலாம். யூரிக் அமிலம் மிகுந்து கீல்வாதம் உடையோரும் சிறுநீரக நோயாளிகளும் அளவை மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டறிதல் நலம். இறால், நண்டு ஒவ்வாமை உடையோருக்குக் கணவாயும் ஒவ்வாமற்போகலாம். அதற்குக் காரணமான புரதம் சமைத்தாலும் அழியாது.

தாமதிக்காதீர்கள்

உண்ட பின் உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கடலுணவு உண்ட, அல்லது கழுவிய ஓரிரு நாளுக்குள் குளிர்காய்ச்சல், கை கால்களில் கடும் வலி, தோலில் கொப்புளம் ஆகியவை தோன்றினால், விடியட்டும் எனக் காத்திராமல் அந்நேரமே வரவேண்டும். என்ன உண்டீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சரியான மருந்தைத் தாமதமின்றித் தொடங்க அந்தச் செய்தி எங்களுக்கு உதவும்.