சிப்ஸ் வெளியே வர ஒரு வழி

தங்கை மகன் பழைய லேத் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான். நீளமான குழாய்த் தண்டுக்குள் உட்சுவரை மழமழப்பாக்க ரீமர் ஓட்டினால் துளை முழுக்கக் கீறல். "எண்ணெய் ஊத்திட்டேதான் இருக்கேன் மாமா" என்றான். டீ வந்ததும் கேட்டேன்: "எங்க ஊத்துற?"

"துளை வாயிலதான்."

வெட்டு நடப்பதோ உள்ளே. ரீமர் சீவிய சிப்ஸ் அதன் பள்ளங்களில் அடைந்து, போக இடமில்லாமல் சுவரோடு உரசிக்கொண்டே சுற்றுகிறது. கீறல் அதனால்தான்.

கூலண்ட் என்றாலே சூடு தணிக்கத்தான் என்று நினைக்கிறோம். சூடு நிஜம்தான். மியூனிக்கில் பீரங்கிக் குழாயை நீர்ப்பெட்டிக்குள் வைத்து, மழுங்கிய கருவியால் குடையவிட்ட விஞ்ஞானி ரம்ஃபோர்டு, இரண்டரை மணி நேரத்தில் அந்த நீர் கொதித்ததை 1798-இல் எழுதினார். ஆனால் ஆழத் துளையில் பெரிய வேலை சிப்ஸை வெளியே தள்ளுவது. துப்பாக்கிக் குழாய்க்கென்று வந்த கன் ட்ரில்லைப் பார்: உடம்புக்குள் ஒரு துளை, வெளியே நீளமாக ஒரு பள்ளம். எண்ணெய் உள்ளே போய் நுனியில் பீய்ச்சி, சிப்ஸை அந்தப் பள்ளம் வழியே அடித்துக்கொண்டு வரும். சின்ன விட்டத்துக்கு 70 பார் அழுத்தம்கூடக் கேட்கும். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார்.

மாப்பிள்ளைக்கு அவ்வளவு வேண்டாம். அவன் தண்டில் துளை ஏற்கெனவே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது. லேத் ஸ்பிண்டிலின் பின்வாசலில் கூலண்டை ஏற்றினால், முன்னால் ரீமர் பள்ளங்கள் வழியாகச் சிப்ஸோடு வெளியே வரும்.

"தண்டு சுத்துமே, ஹோஸ் முறுக்கிக்காதா?"

நல்ல கேள்வி. நடுவில் ரோட்டரி யூனியன் வேண்டும். ஒரு பாதி சுற்றும், மறுபாதி நிற்கும். தண்டின் வாயில் ஓ-ரிங் போட்ட முனை இறுக்கமாக உட்கார வேண்டும். அங்கே கசிந்தால் கூலண்ட் கியர்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக்குக்குள் இறங்கி, கியர் எண்ணெய் பாலாகிவிடும். ஒரு பட்டறையில் அப்படி பேரிங் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பம்ப் மேல்தான் அவனுக்கு ஆசை. கியர் பம்ப் நல்ல அழுத்தம் தரும். ஆனால் ஒரு சிப்ஸ் உள்ளே போனாலும் பல் தேயும். வழி அடைத்தால் ஹோஸ் வெடிக்கும். ரிலீஃப் வால்வு இல்லாமல் அதைத் தொடாதே என்றேன். என்னைக் கேட்டால் பம்புக்குச் செலவழிப்பதில் பாதியை ஃபில்டருக்குப் போடலாம். தொட்டியில் இரண்டு தடுப்புத் தகடு, திரும்பி வரும் வழியில் ஒரு காந்தம், கடைசியில் ஃபில்டர். அழுக்குக் கூலண்டைச் சுற்றவிடுவது கீறலையே சுற்றவிடுவதுதான்.

கூலண்ட் கலக்கும்போது தண்ணீரில்தான் கூலண்ட் எண்ணெயை ஊற்ற வேண்டும், பத்துக்கு ஒன்று. மாற்றி ஊற்றினால் திரிந்த பால் போலாகும்.

"ஓட்டாம வெச்சா?"

"லேத் எண்ணெய் மேல மிதந்து மூடிக்கும், அடியில நாறும். அப்பப்ப வழிச்சுப் போடணும். அதோ பார்."

பேச்சில் மறந்துபோன அவன் டீயில் ஆடை கட்டியிருந்தது. ஸ்பூனால் ஒதுக்கிவிட்டுக் குடித்தான்.