ஒரு மாத்திரை, ஒரு வாழ்நாள்: சி.எம்.எல். இரத்தப் புற்றுநோயை அறிந்துகொள்வோம்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரத்தப் புற்றுநோய் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய தமிழ்ப் படங்கள்தான். கதாநாயகன் இருமுவார், கைக்குட்டையில் இரத்தம் தெரியும், சில காட்சிகளுக்குப் பிறகு மாலை போட்ட படம் சுவரில் தொங்கும். அந்தப் பயத்தை இன்றும் நாம் சுமந்துகொண்டிருக்கிறோம். உண்மையில் இரத்தப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக சி.எம்.எல். என்பார்கள். தமிழில் நாட்பட்ட மைலாய்ட் இரத்தப் புற்றுநோய் எனலாம். ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு மட்டுமே வரும் அரிய நோய் இது.

அரிய நோய் என்பதால் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மருந்து இருந்தும் சிலர் பாதியில் நிறுத்திவிட்டு ஆபத்தைத் தேடிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நோய் எப்படி வருகிறது?

நம் உடலில் இரத்தம் உற்பத்தியாகும் இடம் எலும்பு மஜ்ஜை. அங்குள்ள ஓர் உயிரணுவில் 9ஆம் எண் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் எண் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இந்தத் தவறான ஒட்டலால் ‘பி.சி.ஆர்-ஏ.பி.எல்.’ என்ற புதிய மரபணு உருவாகிறது. அது வெள்ளை அணுக்களைப் பெருகச் சொல்லி ஓயாமல் கட்டளை இடுகிறது. வீட்டில் விளக்குச் சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் சிக்கிக்கொண்டால் விளக்கை அணைக்க முடியாதல்லவா, அதைப் போலத்தான்.

சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வெள்ளை அணுக்கள் இருக்கும். இந்த நோயில் அது ஒரு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு.

இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும் இறங்குவதில்லை, ஏனென்றால் இந்த மாற்றம் பிறந்த பிறகு மஜ்ஜையில் ஏற்படுவது. ஆகவே ‘எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை’ என்றோ ‘யார் குடும்பத்து ரத்தம்’ என்றோ பழி பேசுவதில் பொருளில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று அண்ணன், தங்கையின் நோயை மூடி மறைக்கும் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிகுறிகள் என்ன?

தொடக்கத்தில் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேலைக்குச் சேரும்போதோ வேறு காரணத்துக்காகவோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவரும். வேறு சிலருக்குத் தீராத களைப்பு, காரணமின்றி எடை குறைதல், இரவில் வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை இருக்கும். மண்ணீரல் வீங்குவதால் இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கும், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். ‘கேஸ்’ என்று நினைத்து மாதக் கணக்கில் ஓமத் தண்ணீர் குடிப்பவர்கள் ஒருமுறை கிளினிக்கில் முழு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நாற்பது ஆண்டு ஆராய்ச்சி

1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், இந்நோயாளிகளின் உயிரணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தைவிடச் சிறிதாக இருப்பதைக் கண்டார்கள். அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர் வந்தது. அது குட்டையானதற்குக் காரணம் துண்டுகள் இடம் மாறியதே என்று 1973இல் ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர் கண்டுபிடித்தார்.

அதன் பிறகு, சிக்கிக்கொண்ட அந்தச் சுவிட்சை மட்டும் அணைக்கும் மருந்தைத் தேடினார்கள். டாக்டர் பிரையன் டிரக்கர் 1998இல் நோயாளிகளிடம் அந்த மருந்தைச் சோதிக்கத் தொடங்கினார். 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அதுதான் இமாட்டினிப். நம் நாட்டில் கிளிவெக் என்ற பெயரில் அறிமுகமானது.

அதற்கு முன்பு இந்த நோயாளிகளில் பலர் சில ஆண்டுகளே வாழ்ந்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைதான் குணமாகும் வழி. பொருத்தமான கொடையாளி கிடைப்பது எல்லாருக்கும் வாய்க்கவில்லை. இமாட்டினிப் உட்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் சுமார் 83 விழுக்காட்டினர் உயிருடன் இருந்ததை அது காட்டியது. இந்த மருந்து ஒத்துவராதவர்களுக்கு நிலோட்டினிப், டசாட்டினிப் போன்ற அடுத்த தலைமுறை மருந்துகளும் இப்போது உண்டு.

மருந்து உண்டு, பணம்?

மருந்து வந்தபோது அதன் விலை சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாததாக இருந்தது. இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்த மருந்துக்கான காப்புரிமை கேட்டு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. மாதச் செலவு இந்தியாவில் சுமார் 1,20,000 ரூபாய் என்று சொல்லப்பட்ட காலத்தில், உள்நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தை ஏறத்தாழ 10,000 ரூபாய்க்குத் தந்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2013 ஏப்ரல் 1ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றமும் நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. புற்றுநோயாளிகளுக்கான ஒரு மும்பை சங்கமும் இந்த வழக்கில் நோயாளிகள் பக்கம் நின்று வாதாடியது.

இன்னொரு வழியும் திறந்தது. அர்ஜெண்டினாவைச் சேர்ந்த மேக்ஸ் ரிவரோலா என்ற இளைஞர் இதே நோயால் 1991இல் தம் 17ஆம் வயதில் இறந்தார். அவர் நினைவாகக் குடும்பத்தினர் 1997இல் மேக்ஸ் அறநிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2002 முதல் நோவார்ட்டிஸ் நிறுவனம் வழங்கிய மருந்தை அந்த அமைப்பு பல நாடுகளின் நோயாளிகளுக்கு இலவசமாகக் கொண்டு சேர்த்தது. மலேசியாவில் சுகாதார அமைச்சும் செலவில் பங்கேற்கும் வகையில் ‘மைபாப்’ என்ற உதவித் திட்டம் நடத்தப்பட்டது. நோயாளிகளும் குடும்பத்தினரும் சேர்ந்த ‘மேக்ஸ் ஃபேமிலி சொசைட்டி மலேசியா’ என்ற ஆதரவுச் சங்கமும் இங்கு உருவானது. ஒரு பிள்ளையை இழந்த வீட்டின் துக்கம், முகம் தெரியாத எத்தனையோ வீடுகளுக்கு மருந்தாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நம் வட்டாரத்தில் எங்கே போவது?

அம்பாங் மருத்துவமனை, இரத்த நோய்களுக்கான தேசிய மேற்கோள் மையம். பங்சாரில் எல்.ஆர்.டி. ஏறி மஸ்ஜிட் ஜாமேக்கில் அம்பாங் தடத்துக்கு மாறிப் போகலாம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், பங்சாரிலிருந்து மூன்றாவது நிலையமான யுனிவர்சிட்டி நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தினர் முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதித்து, மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துடன் செல்வது முறை.

பணக் கஷ்டம் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். மருத்துவமனையின் மருத்துவச் சமூகநலப் பிரிவில் கேளுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அவர்கள் வழிகாட்டுவார்கள். இ.பி.எஃப். சேமிப்பிலிருந்து மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கும் வசதி உண்டு. வேலை செய்ய முடியாத நிலை வந்தால் சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் பற்றி விசாரிக்கலாம். மக்னா, தேசியப் புற்றுநோய்ச் சங்கம் ஆகிய அமைப்புகளையும் அணுகலாம்.

மிகப் பெரிய ஆபத்து எது?

மாத்திரையை விட்டுவிடுவதுதான். சில மாதங்களில் உடம்பு தேறிவிடும், களைப்பு போய்விடும். ‘நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு’ என்று தோன்றும். கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் போன்ற பக்க விளைவுகளும் சேர்ந்துகொண்டால் விட்டுவிடலாம் என்ற ஆசை வலுக்கும்.

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களில் சுமார் 94 விழுக்காட்டினர் ஆறு ஆண்டுகளில் நல்ல கட்டுப்பாட்டு நிலையை எட்டினார்கள். அதற்குக் குறைவாக எடுத்தவர்களில் எட்டியவர்கள் சுமார் 28 விழுக்காட்டினர் மட்டுமே. மாதத்துக்கு மூன்று நாள் மறதி என்பது இவ்வளவு பெரிய வேறுபாடு.

மாத்திரையை விட்டால் நோய் முற்றிய கட்டத்துக்குப் போகக்கூடும். அங்கிருந்து மீட்பது மிகக் கடினம்.

ஆகவே சில குறிப்புகள்:

* இமாட்டினிப் மாத்திரையைச் சாப்பாட்டுடன், ஒரு பெரிய கிளாஸ் தண்ணீருடன் விழுங்குங்கள். தைப்பூச விரதம், வெள்ளிக்கிழமை விரதம் என்றால் எந்த வேளை உணவோடு எடுப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். விரதத்துக்காக மருந்தை நிறுத்தாதீர்கள்.

* கிரேப்ஃபுரூட் பழம் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். அதே இனமான பம்ளிமாஸ் பற்றியும் மருந்தாளரிடம் கேளுங்கள். நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எது எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

* பி.சி.ஆர். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது செய்யப்படும். ஓராண்டில் அளவு 0.1 விழுக்காட்டுக்குக் கீழே வருவது நல்ல இலக்கு. உங்கள் எண்ணை நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

* பிள்ளை பெற விரும்பும் பெண்கள் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடும்.

வாழ்நாள் முழுதும் மாத்திரையா?

இந்தக் கேள்வி நியாயமானது. 2010இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வொன்றில், பரிசோதனையில் நோயே தென்படாத நிலையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்த நூறு பேர் மருத்துவக் கண்காணிப்பில் மருந்தை நிறுத்தினார்கள். ஓராண்டுக்குப் பிறகு சுமார் 40 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு மருந்தை மீண்டும் தொடங்கியதும் நோய் கட்டுப்பட்டது. இப்படி நிறுத்துவதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். நிறுத்திய பிறகு அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்வதும் கட்டாயம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. நோயாளி வேலைக்குப் போகிறார், சிரித்துப் பேசுகிறார் என்பதால் நோய் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, “அப்பா, மாத்திரை போட்டாச்சா?” என்று பிள்ளை ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதுவும் சிகிச்சைதான்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 22ஆம் தேதி உலக சி.எம்.எல். தினம். 9ஆம் மாதம், 22ஆம் தேதி: இடம் மாறிய அந்த இரண்டு குரோமோசோம்களின் எண்கள். அன்று உங்கள் உறவிலோ அக்கம்பக்கத்திலோ இந்த நோயோடு வாழும் ஒருவர் இருந்தால் போய்ப் பாருங்கள். நலம் விசாரியுங்கள், அடுத்த பரிசோதனை எப்போது என்றும் கேளுங்கள்.

அடுத்த வாரம் இன்னொரு தலைப்போடு சந்திப்போம்.