சக்கரம் இறங்கும் தூரமும் சென்சார் வயரின் நீளமும்

அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில், பாலைவனத்தை ஒட்டிய நெடுஞ்சாலைகளில் செல்பவர்கள் ஒருவகை பிக்கப் டிரக்கைப் பார்த்திருக்கலாம். முன்சக்கரங்கள் இரண்டும் வண்டியின் உடலைவிட்டு வெளியே அகன்று நிற்கும். அவற்றை மூட ஃபைபர் கிளாஸ் மட்கார்டு பெரிதாகப் புடைத்திருக்கும். இதனை 'லாங் டிராவல்' சஸ்பென்ஷன் பொருத்திய வண்டி என்பார்கள். சக்கரம் மேலும் கீழும் போய்வரக்கூடிய மொத்தத் தூரமே டிராவல். சாதாரண பிக்கப்பின் முன்சக்கரத்துக்கு இது சுமார் 8, 9 அங்குலம் இருக்கும். நீண்ட கன்ட்ரோல் ஆர்ம்களைப் பொருத்தினால் 12 முதல் 14 அங்குலம் வரை கிடைக்கும்.

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் 1967-ல் டிஜுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்த ஓட்டம் முதலான பாலைவனப் பந்தயங்களில் வளர்ந்த தொழில்நுட்பம் இது. பிறகு தொழிற்சாலைக்கும் வந்தது. 2010-ம் ஆண்டு மாடலாக வந்த ஃபோர்டு ராப்டரின் முன்சக்கர டிராவல் 11.2 அங்குலம்.

தம் வண்டியில் தாமே இதைச் செய்துகொள்பவர்கள் ஆர்ம், ஸ்பிரிங், அச்சு, பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மாற்றுகிறார்கள். சக்கரத்தின் வேகத்தைக் கணினிக்குச் சொல்லும் சென்சாரின் மெல்லிய வயரைத்தான் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். அதை எப்படி நீட்டுவது, தவறாக நீட்டினால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

சென்சார் என்ன சொல்கிறது?

பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் 1978-ல் மின்னணு ஏ.பி.எஸ். பிரேக்கைக் காரில் கொண்டுவந்தன. ஒவ்வொரு சக்கரத்தின் வேகமும் கணினிக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். பழைய வகை சென்சாரில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் சிறு மின்னலை எழும். 48 பற்கள் கொண்ட வளையமும் 33 அங்குல டயரும் இருப்பதாகக் கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 300 அலைகள். வண்டி மெதுவாகப் போகும்போது இந்த அலை மிகவும் பலவீனமாக இருக்கும்.

புதியவகை சென்சார் கணினியிடமிருந்து மின்சாரம் பெற்று இயங்குவது. அது பொதுவாக 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என இரண்டு நிலைகளில் மின்னோட்டத்தை மாற்றி மாற்றித் தகவல் சொல்கிறது. ஏறக்குறைய நின்றுபோகும் வேகம் வரையில் தெளிவாகப் பேசும். ஆனால் இதன் இரண்டு வயர்களை இடம் மாற்றி இணைத்தால் வேலை செய்யாது.

நீட்டுவதால் சமிக்ஞை குறையுமா?

பலருக்கும் உள்ள முதல் பயம் இது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கேஜ் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு 0.033 ஓம். ஓர் அடி நீட்டினால் போகவர இரண்டு அடி, அதாவது சுமார் 0.6 மீட்டர் சேரும். கூடும் மின்தடை 0.02 ஓம். பழைய வகை சென்சாரின் சுருளே பெரும்பாலும் ஆயிரம் ஓமுக்கு மேல் இருக்கும். ஆகவே நீளத்தால் வரும் இழப்பு ஒரு பொருட்டே அல்ல.

தொல்லை வருவது மூன்று இடங்களில். ஒட்டுப்போட்ட இடத்தில் நீர் புகுவது, ஒரே இடத்தில் வயர் மடங்கி முறிவது, முறுக்கு கலைவது. சென்சாரின் இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் சமமாகப் பட்டு, ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இந்த டிரக்குகளில் கூரை விளக்குகளும் வயர்லெஸ் ரேடியோவும் இருப்பது வழக்கம். ஆகவே நீட்டும் பகுதியையும் அதேபோல் முறுக்கியே போடவேண்டும்.

எவ்வளவு நீட்டுவது?

கிட்டோடு வரும் தாளில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல் அளந்து பார்ப்பதே நல்லது. வண்டியின் சட்டத்தை ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் மேலும் கீழும் நகர்த்த வேண்டும். உச்சி, நடு, அடி என்ற மூன்று நிலைகளிலும் ஸ்டீயரிங்கை முழு இடமும் முழு வலமும் திருப்பி, வயர் போகப்போகும் பாதையில் ஒரு நூலை வைத்து அளக்கவேண்டும். மிக அதிகமான அளவோடு இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். மிகக் குறைவான நிலையில் தொய்யும் வயர் டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

சக்கரம் அளவுக்குமேல் இறங்காமல் தடுப்பது நைலான் பட்டையின் வேலை. வயர் ஒருபோதும் அந்தப் பட்டைக்கு முன்னால் இறுகக்கூடாது.

பாதையும் ஒட்டும்

கதவின் விளிம்பு ஒரு முழம் நகரும்போது கீலின் அருகே ஒரு விரற்கடைகூட நகர்வதில்லை. கன்ட்ரோல் ஆர்மும் அப்படித்தான். ஆகவே வயரை ஆர்மின் மேலேயே கொண்டுசென்று, அது சட்டத்தோடு சேரும் கீலின் அருகே சட்டத்துக்குத் தாண்டவிட்டால், அங்கே வயர் சிறிதளவே வளையும். சக்கரத்தின் பக்கம், ஸ்டீயரிங் திருப்பத்துக்காக ஒரு தளர்ந்த வளைவு விட்டால் போதும். நீட்டிய பிரேக் ஹோஸை ஒட்டியே கொண்டுபோவதும் நல்ல வழி. பிடிப்பதற்கு ரப்பர் உறையிட்ட கிளாம்ப் ஏற்றது. இறுக்கிய கேபிள் டை நாளடைவில் உறையை அறுக்கும்.

ஒட்டு எப்போதும் சட்டத்தின்மேல், அசையாத இடத்தில் இருக்கவேண்டும். ஆர்மின் மேலுள்ள அசையும் பகுதி முழுவதும் ஒட்டில்லாத ஒரே வயராக இருப்பது உத்தமம். ஈயம் வைத்துப் பற்றவைத்தால், உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கும். அது முடியும் எல்லையில்தான் அதிர்ச்சியில் இழைகள் முறியும். சரியான இடுக்கியால் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயை மேலே போட்டுச் சூடாக்கினால் நீரும் புகாது. இரண்டு ஒட்டுகளும் அருகருகே வராமல் ஓரங்குலம் தள்ளி இருக்கட்டும்.

தவறினால் என்ன ஆகும்?

வயர் முழுவதும் அறுந்துவிட்டால் ஆபத்து குறைவு. கணினி உடனே அறிந்து விளக்கை ஏற்றி, ஏ.பி.எஸ்ஸை நிறுத்திவிடும். சாதாரண பிரேக் இருக்கும். பாதி முறிந்த வயர்தான் மோசமானது. மேட்டில் தொட்டும் பள்ளத்தில் விட்டும் இருக்கும்போது, ஓடும் சக்கரம் நின்றுவிட்டதாகக் கணினிக்குத் தோன்றலாம். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று எண்ணி அதன் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்திவிடவும் கூடும். கணினி இந்த முரண்பாட்டைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதற்கு முந்தைய கணங்களில் ஓட்டுபவரின் கால் பிரேக்கின்மேல் இருக்கிறது.

"அப்படியானால் ஏ.பி.எஸ்ஸே வேண்டாம், கழற்றிவிடலாம்" என்பவர்கள் உண்டு. மணலில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பூட்டிய சக்கரம் தனக்கு முன்னே மணலைக் குவித்து விரைவில் நிற்கும், ஏ.பி.எஸ். அதைச் செய்யவிடாது. ஆனால் பாலைவனத்துக்குப் போகவும் வரவும் ஈரமான தார்ச்சாலையிலும் ஓட்டவேண்டியிருக்கும். மேலும் 2011 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்பனைக்குத் தயாரான, 10,000 பவுண்டு வரையிலான வண்டிகள் அனைத்திலும் வழுக்கலைத் தடுக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். அதுவும் இதே சென்சார்களை நம்பியிருக்கிறது. பழுதுபார்க்கும் கடைக்காரர்கள் தெரிந்தே இத்தகைய பாதுகாப்பு அமைப்பைச் செயலிழக்கச் செய்வதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது.

முடித்தபின்

மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தி, வயரை அங்கங்கே அசைத்துப் பார்க்கவேண்டும். எண் துள்ளினால் ஒட்டு சரியில்லை. பிறகு ஸ்கேன் கருவியை மாட்டி, ஆளில்லாத நேர்ச்சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் இன்னொருவரை ஓட்டச்சொல்லி, நான்கு சக்கரங்களின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று கவனிக்கலாம். முதல் பாலைவனப் பயணம் முடிந்து வந்ததும் சேற்றைக் கழுவி, உறையில் பளபளவென்று தேய்ந்த இடம் ஏதேனும் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும். தேய்ந்திருந்தால் கிளாம்ப்பை அப்போதே இடம் மாற்றிவிடலாம்.