கூட்டத்துக்குக் காத்திருந்தால் கெடு போய்விடும்

போன மாதம் ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தார் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் முந்நூறுக்கு மேல் கையெழுத்து வாங்கிய மனு. தெருமுனையில் பழைய தொழிற்கூடம் இருந்த இடத்தில் கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே அடுக்குமாடி வீடுகள் என்று ஒரு திட்டம் வருகிறது. காலையில் பள்ளி வேன் வந்தால் எதிரே ஆட்டோ பின்வாங்க வேண்டிய தெரு அது. “கருத்துக் கேட்புக் கூட்டம் எப்ப சார் வைப்பாங்க? அன்னிக்கு மொத்தத் தெருவும் வந்துடும்” என்றார் செயலாளர். நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கான பத்திரிகை அறிவிப்பு வந்து அப்போதே இரண்டு மாதம் ஓடியிருந்தது.

இதே கதையை எத்தனை தெருக்களில் பார்த்துவிட்டேன்! ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் வராது. 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பை எட்டும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொல்லும் 2006ஆம் ஆண்டு அறிவிக்கைதான், கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கும் தருகிறது. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் ஆட்சியர் தலைமையில் பந்தல் போட்டு நடக்கிறதே, அது உங்கள் தெருவுக்குக் கிடையாது. திட்ட அனுமதிக் கட்டத்திலும் யாரும் வந்து உங்கள் கதவைத் தட்டப்போவதில்லை.

உங்களுக்கென்று இருப்பது ஒரு சின்ன ஜன்னல். முழுமைத் திட்டத்தில் அந்த மனை குடியிருப்பு என்றோ தொழில் பகுதி என்றோ குறிக்கப்பட்டிருந்து, அதை வணிகப் பகுதியாகவோ கலப்புக் குடியிருப்பாகவோ மாற்றக் கேட்டால், நாளிதழில் அறிவிப்பு போடுவார்கள். கெடு அதிலேயே இருக்கும். சென்னைப் பெருநகர அறிவிப்புகளில் வழக்கமாக 21 நாள், வெளியான தேதியிலிருந்து. பொடி எழுத்தில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் மட்டும் இருக்கும். தெருப் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. எந்தக் குடும்பத்துக்குத் தன் தெருவின் சர்வே எண் தெரியும்? மனையின் வேலியில் ஒரு பெரிய பலகை மாட்ட வைத்தால் அதிகாரிகளுக்கு என்ன குறைந்துவிடும்? இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அதனால் சர்வே எண்ணை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலி மனை ஏதாவது தெருவில் இருந்தால் இன்றே. சென்னையில் என்றால், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் நிலத்தின் வகைப்பாடு தெரியும். ஏற்கெனவே கலப்புக் குடியிருப்பு என்று இருந்தால் மாற்றம் தேவைப்படாது, அறிவிப்பும் வராது. அப்போது நீங்கள் நேரே போக்குவரத்துக் காவல் பக்கம் போக வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆட்சேபத்தை உறுப்பினர் செயலர், சி.எம்.டி.ஏ., தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர் என்று முகவரியிடுங்கள். மற்ற ஊர்களில் அறிவிப்பில் உள்ள அலுவலகத்துக்கு. மேலே அறிவிப்புத் தேதி, நாளிதழின் பெயர், கிராமம், சர்வே எண். இவை இல்லாத மனு எந்தக் கோப்பிலும் சேராது. நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கவுன்சிலர் வீட்டில் கொடுத்தது கணக்கில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் கணக்கில்லை.

“போக்குவரத்து நெரிசல் ஏற்படும்” என்று ஒற்றை வரி எழுதினால் படிப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். எண்ணிக் கொடுங்கள். ஒரு தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தேநீர்க் கடை பெஞ்சில் காலை 8 முதல் 9.30 வரை மூன்று வேலை நாள் உட்கார்ந்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் நான்கு கட்டம்: இருசக்கரம், ஆட்டோ, கார், வேன். வண்டிக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே. கால் மணிக்கு ஒருமுறை கூட்டல். பக்கத்தில் பேரன் டேப் பிடித்து வடிகாலிலிருந்து வடிகால் வரை சாலையை அளந்தான். விண்ணப்பத்தில் 12 மீட்டர் என்றிருந்தது. டேப்பில் பத்தைத் தொடவில்லை.

அந்த அளவு சும்மா இல்லை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் எழுந்தால் அது உயர்மாடிக் கட்டடம். முன்சாலை 12 மீட்டராவது இருக்க வேண்டும். காசு கட்டி வாங்கும் கூடுதல் தளப்பரப்பு விகிதமும் சாலை அகலத்தை வைத்துத்தான். ஆகவே டேப் அளவோடு, நில அளவைப் புலப்படத்தின் (எஃப்.எம்.பி.) நகலையும் சேர்த்து இணையுங்கள்.

உயர்மாடிக் கட்டடத்துக்குப் போக்குவரத்துக் காவல்துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். வண்டிகள் எந்த வாசலில் நுழையும், எந்த வாசலில் வெளியேறும் என்பது அங்கேதான் பார்க்கப்படுகிறது. உங்கள் எண்ணிக்கைத் தாளின் இன்னொரு நகல் அங்கே போக வேண்டும். “திட்டமே வேண்டாம்” என்பதைவிட, “கடைகளின் சரக்கு வண்டி வாசல் பிரதான சாலையில் வேண்டும், எங்கள் தெருவில் கூடாது” என்று கேளுங்கள். கேட்டது தெளிவாக இருந்தால்தான் நிபந்தனையாக எழுத முடியும்.

பெரிய திட்டம் என்றால் சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் எழுதுங்கள். விண்ணப்பம் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். அனுமதி கொடுத்துவிட்டால், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வரைபடம், போக்குவரத்து ஆய்வறிக்கை, தடையின்மைச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பதிலுக்கு அவர்களுக்கு 30 நாள் அவகாசம், உங்கள் ஆட்சேபத்துக்கு 21 நாள்தான். தகவல் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கெடுவைத் தவறவிட்டார்கள். தெரிந்ததை வைத்து முதலில் ஆட்சேபம். ஆவணம் வந்ததும் கூடுதல் மனு.

வந்திருந்த சங்கத்தாருக்கு 21 நாள் போய்விட்டது. போக்குவரத்துக் காவல் சான்று இன்னும் வழங்கப்படவில்லை என்று அலுவலகத்தில் விசாரித்ததில் தெரிந்தது. மனுவின் மேல்பகுதியைக் கிழித்து, சர்வே எண்ணோடு புதிதாக எழுதினோம். திங்கள்கிழமை காலை 8 மணிக்குச் செயலாளர் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்காருகிறார்.